பில் யார் பெயரில்? தனியாளாகத் தொழில் தொடங்குபவருக்கான சட்ட வடிவம்

சொந்தமாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியதும் வாடிக்கையாளர் முதலில் விலை கேட்பார். அடுத்து, "பில் யார் பெயரில் வரும்?" என்பார். விலைக்குப் பதில் தயாராக வைத்திருப்பவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பெங்களூரு நிறுவனம் ஒன்று ஐம்பதாயிரம் ரூபாய் வேலையைக் கொடுக்கத் தயாராக இருக்கும். அதன் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வரும். அதில் 'நிறுவனத்தின் வகை' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

நெல்லிவாசல்நாட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்ற மூன்றில் ஒன்று. சாமையும் கேழ்வரகும் விதைக்கிற, புளியும் தேனும் கடுக்காயும் சேர்க்கிற ஊர். காப்பித் தோட்டக் கூலிக்கு வெளி மாநிலம் போய் வருகிறவர்கள் இங்கே நிறைய. இந்த வீடுகளின் பிள்ளைகள் திருப்பத்தூரில் பட்டம் முடித்துவிட்டு, மலையை விட்டு இறங்காமலே செய்யக்கூடிய வேலைகளைத் தேடுகிறார்கள். தமிழ்த் தட்டச்சு, மொழிபெயர்ப்பு, டிசைன், கல்யாண வீடியோ எடிட்டிங், இணையதள வேலை, தையல், தேன் விற்பனை என்று பல. அவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் மலையாளி என்ற பெயர் மாவட்ட வரம்போடுதான் இடம்பெற்றிருக்கிறது. அந்த வரம்புக்குள் பழைய வட ஆற்காடு வருவதால் இந்த மலைக்காரர்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடைக்கிறது. தொழிலின் சட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் இந்தச் சான்றிதழுக்குப் பெரிய பங்கு உண்டு. கடைசியில் அதற்கு விரிவாக வருகிறேன்.

தொடக்கம் உங்கள் பெயரிலேயே

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாளாக, தன் உழைப்பையும் திறமையையும் மட்டும் விற்கிறவர் உரிமையாளர் நிறுவனமாகத் தொடங்குவதே சரி. ப்ரொப்ரைட்டர் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். படிவத்தின் அந்தக் கட்டத்தில் 'ப்ரொப்ரைட்டர்ஷிப்' என்று எழுதுங்கள். இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, தனிப் பதிவும் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு முதல் வேலையைச் செய்த நாளிலேயே நீங்கள் ப்ரொப்ரைட்டர் ஆகிவிட்டீர்கள். உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். கடைக்குப் பெயர் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் நீங்களும் தொழிலும் ஒரே ஆள்.

பதிவு தேவையில்லை என்பதால் காகிதமே தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வங்கியில் தொழில் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கப் போனால், அந்தப் பெயரில் தொழில் நடக்கிறது என்பதற்கு இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள். கிளை மேலாளருக்குத் திருப்தி இருந்தால் ஒன்றோடு முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கிறது. அந்த ஒன்று உத்யம் சான்றிதழாக இருப்பது நல்லது.

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒன்றிய அரசு நடத்தும் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், முதலீடு இரண்டரைக் கோடியும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடியும் தாண்டாத எந்தத் தொழிலும் குறுந்தொழில். மடிக்கணினி ஒன்றை வைத்து வேலை செய்கிறவர் அதற்குள் தாராளமாக அடங்குவார். ஆதாரும் பானும் போதும். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அரசு தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

அந்தப் படிவத்தில் மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். முதலாவது, சமூகப் பிரிவு. அங்கே எஸ்.டி. என்று குறிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் அவசரத்தில் 'பொது' என்று அழுத்திவிட்டு அனுப்பினால், அரசு கொள்முதலில் உங்களுக்குரிய இடம் கைவிட்டுப் போகும். இரண்டாவது, தொழிலின் தன்மை. உற்பத்தி, சேவை, வணிகம் என்று மூன்று இருக்கும். தட்டச்சும் டிசைனும் சேவை. பிறர் சேகரித்த தேனை வாங்கி விற்பது வணிகம். வணிகம் என்று பதிந்தவருக்கு முன்னுரிமைக் கடன் மட்டும்தான் கிடைக்கும். அடுத்த பத்தியில் சொல்லப்போகும் பாதுகாப்பு கிடைக்காது. மூன்றாவது, பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து பின்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் வேறோர் எழுத்து இருக்கும். மலையில் இது வீட்டுக்கு வீடு உள்ள தொல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பானைத் திருத்துங்கள், அதன்பின் உத்யம் போடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை பேருந்து ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

உத்யம் பதிவின் முழுப் பலன் பணம் வராதபோதுதான் தெரியும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உங்களிடம் வேலை வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இணையத்திலேயே புகார் பதியலாம். சமரசமும் தீர்ப்பும் செய்ய மாநிலத்தில் இதற்கென்றே வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் வேலையை முடித்துக் கொடுத்த பிறகு எடுத்த பதிவை வைத்து அந்த வேலைக்கான பாக்கியைக் கேட்பது எளிதல்ல. ஆகவே முதல் பில்லுக்கு முன்னால் உத்யம். பில்லிலும் அந்த எண்ணை அச்சிடுங்கள். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு அந்த எண்ணின் பொருள் நன்றாகவே தெரியும்.

தேனோ சாமையோ மிளகோ பாக்கெட் போட்டு விற்கிறவர், எந்தச் சட்ட வடிவத்தில் இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் கடைக்காரர் பொருளை அலமாரியில் வைக்கமாட்டார்.

பழங்குடியினருக்கு வரி கிடையாது என்ற பேச்சு

மலையில் பரவலாக நம்பப்படும் ஒரு செய்தி: எஸ்.டி. என்றால் வருமான வரி இல்லை. இது உண்மை இல்லை. வருமான வரிச் சட்டத்தில் பழங்குடியினருக்கு ஒரு விலக்கு உண்டுதான். அது வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றிலும் லடாக்கிலும் ஆறாவது அட்டவணைப் பகுதிகளிலும் வாழ்ந்து அங்கேயே ஈட்டுகிறவர்களுக்கு மட்டும். ஜவ்வாது மலை அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எந்த மலையும் அறிவிக்கப்படவும் இல்லை.

ஆனாலும் பயப்பட வேண்டாம். புதிய வரி முறையில் 2025-26 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள தனிநபர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ப்ரொப்ரைட்டர் தனிநபர் என்பதால் இது அவருக்கு அப்படியே பொருந்தும். கம்பெனிக்கோ கூட்டாண்மைக்கோ இப்படி ஒரு தள்ளுபடி கிடையாது. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்து, செஸ் எல்லாம் சேர்த்து, பிரைவேட் லிமிடெட்டுக்குச் சுமார் 25.17 விழுக்காடு, கூட்டாண்மைக்கும் எல்.எல்.பி. என்னும் வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மைக்கும் 31.2 விழுக்காடு. ஆண்டுக்கு 3 லட்சம் லாபம் பார்க்கும் டிசைனர் தன் பெயரில் தொழில் செய்தால் வரி இல்லை. அதே லாபம் கம்பெனிக் கணக்கில் நின்றால் 75,000 ரூபாய்க்கு மேல் வரி. இயக்குநர் சம்பளமாக எடுத்து அதைக் குறைக்க வழி உண்டு. ஆனால் அந்த வழியைக் காட்டவும் கணக்கு எழுதவும் ஆடிட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ப்ரொப்ரைட்டருக்குக் கணக்கும் சுலபம். சட்டம் பட்டியலிட்டிருக்கும் தொழில்முறையினர், அதாவது மென்பொருள், கணக்கு, பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற வேலை செய்கிறவர்கள், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். தனித்தனியாகச் செலவுக் கணக்கு காட்டத் தேவையில்லை. ஆண்டு வரவு 50 லட்சம் வரை இந்த வசதி உண்டு. ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. தையல், தட்டச்சு, கடை வியாபாரம் போன்ற பட்டியலில் சேராத தொழில்களுக்குப் பொதுவாக வேறு கணக்கு. ரொக்கத்தில் வந்ததில் 8 விழுக்காடு, வங்கி வழியாக வந்ததில் 6 விழுக்காடு. உண்மையான லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். பழைய சட்டத்தில் 44ஏடி, 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் வாயில் புழங்கிய இந்தப் பிரிவுகள், 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் 58-ஆம் பிரிவில் இருக்கின்றன. எல்.எல்.பி.க்கும் கம்பெனிக்கும் இந்தச் சலுகை இல்லை.

வரி இல்லை என்றால் ரிட்டர்ன் எதற்கு என்று கேட்பார்கள். டி.டி.எஸ்., அதாவது வாடிக்கையாளர் முன்கூட்டியே பிடித்த வரிப் பணத்தைத் திரும்ப வாங்கத்தான். ஒரே வாடிக்கையாளர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். 3 லட்சம் சம்பாதித்தவருக்கு 30,000 ரூபாய் அரசிடம் நிற்கும். பான் கொடுக்கவில்லை என்றால் பிடிப்பது 20 விழுக்காடு. ரிட்டர்ன் போட்டால் அந்த முழுத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். போடாவிட்டால் வராது. மலையில் ஒரு குடும்பம் சில மாதம் சாப்பிடுகிற பணம் அது. விட்டுவிடாதீர்கள்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றி இந்த இடத்தில் சுருக்கமாக. சேவை விற்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. வாடிக்கையாளர் பெங்களூருவில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் இதே வரம்புதான். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் 40 லட்சம். ஆனால் வரி விதிப்புக்கு உட்பட்ட பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். மலையிலிருந்து மாநில எல்லை தூரமில்லை என்பதால் தேன் பாட்டில் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு மட்டும் தனிச் சலுகை இருக்கிறது. இன்னொன்று: வரம்பு பான் எண்ணுக்குத்தான். ஒரே ஆள் ஒரு பெயரில் தட்டச்சு மையமும் இன்னொரு பெயரில் பெட்டிக்கடையும் நடத்தினால் இரண்டு வரவையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

கடன் வந்தால் நிலம் போகுமா?

ப்ரொப்ரைட்டர் முறையின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. தொழிலில் விழுந்த கடனுக்கும் நஷ்டஈட்டுக்கும் உங்கள் சொந்தச் சொத்து முழுவதும் பொறுப்பு. உங்கள் பெயரில் பட்டா இருந்தால் அந்த நிலமும் அதில் அடங்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சிலவற்றைக் காப்பாற்றுகிறது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளையும், விவசாயி குடியிருக்கும் வீட்டையும், அவருடைய உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டிய மாடுகளையும் விதை தானியத்தையும் ஜப்தி செய்ய முடியாது. நிலத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

இதைக் கேட்டவுடன் பலர் கம்பெனி ஆரம்பிக்க ஓடுகிறார்கள். நில்லுங்கள். முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: என் வேலையில் தவறு நேர்ந்தால் வாடிக்கையாளருக்கு எவ்வளவு நஷ்டம் வரும்? கல்யாணப் பத்திரிகையில் தேதி தப்பாக விழுந்தால் மறுபடி அச்சடிக்கும் செலவு, சில ஆயிரம். மொழிபெயர்த்த பாடத்தில் பிழை வந்தால் திருத்திக் கொடுக்கும் உழைப்பு. இதற்குக் கம்பெனி தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: 'எந்த நிலையிலும் என் பொறுப்பு இந்த வேலைக்கு நான் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது.' வாட்ஸப்பில் வேலை பேசினாலும் இந்த வரியை அனுப்பி, சம்மதம் என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுகிறவர், கட்டட வரைபடம் போடுகிறவர், உணவுப் பொருளைப் பெரிய அளவில் விற்கிறவர் ஆகியோரின் கதை வேறு. அவர்களின் ஒரு தவறு லட்சங்களில் போகும்.

கம்பெனி போட்டால் பொறுப்பு முழுவதும் நின்றுவிடும் என்பதும் சரியில்லை. கடன் கொடுக்கும் வங்கி இயக்குநரின் சொந்த உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்கும். கையெழுத்துப் போட்ட நிமிடம் அந்தக் கடனைப் பொறுத்தவரை நீங்கள் மறுபடியும் ப்ரொப்ரைட்டர்தான்.

மச்சானோடு சேர்ந்தால்

இரண்டு பேர் சேர்ந்து வேலை எடுத்து லாபத்தைப் பிரித்துக்கொண்டால், காகிதம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது கூட்டாண்மை. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் அதற்குப் பொருந்தத் தொடங்கிவிடும். ஒரு பங்குதாரர் தொழில் பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. பாதிக்கு மட்டும் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒருவர் கேமராவுக்குக் கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போனால், கடன்காரர் உங்கள் வாசலில்தான் நிற்பார்.

உறவுக்குள் எதற்குப் பத்திரம் என்ற தயக்கம் மலையில் அதிகம். நான் நேர்மாறாகச் சொல்வேன். உறவு என்பதால்தான் பத்திரம் வேண்டும். தொழில் கெட்டாலும் உறவு மிஞ்சும். யார் எவ்வளவு பணம் போட்டார், லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு, வங்கியில் யார் கையெழுத்து, மாதம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், கேமராவும் கணினியும் யாருடையது, பிரிந்தால் தொழில் பெயர் யாரிடம் போகும், ஒருவர் இறந்தால் அவர் மனைவிக்கு என்ன கொடுக்க வேண்டும். இவ்வளவையும் முத்திரைத் தாளில் எழுதி, பதிவுத் துறையில் பதிந்துவிடுங்கள். பதிவு கட்டாயம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, பதியாத கூட்டாண்மை பணம் தராத வாடிக்கையாளர்மேல் ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது. வாடிக்கையாளரோ உங்கள்மேல் போடலாம்.

2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த எல்.எல்.பி. இதற்கு ஒரு படி மேல். பங்குதாரரின் தவறு உங்கள் வீட்டுக்கு வராது. விற்றுமுதல் 40 லட்சத்தையும் போட்ட மூலதனம் 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கை தேவையில்லை. ஆனால் ஆண்டுதோறும் மே 30-க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30-க்குள் இன்னொரு படிவம், தொழில் நடந்தாலும் நடக்காவிட்டாலும். இரண்டு பேரும் டிஜிட்டல் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் வரவு நிலையாக வரும் இரண்டு மூன்று பேர் குழுவுக்கு நான் இதைப் பரிந்துரைப்பேன். அதற்குக் கீழே பதிந்த கூட்டாண்மை போதும்.

கம்பெனி எப்போது

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் ஒரே ஆள் கம்பெனி ஆரம்பிக்க வழி செய்தது. ஓ.பி.சி. என்பார்கள். 2021 ஏப்ரல் முதல் அதற்கு இருந்த மூலதன, விற்றுமுதல் வரம்புகளும் நீங்கிவிட்டன. உங்களுக்குப் பின் பங்கு யாருக்கு என்று ஒரு நியமனதாரரைச் சொல்ல வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். ஆண்டுக் கணக்குப் படிவம் ஒன்று, ஆண்டறிக்கைப் படிவம் ஒன்று. தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டையும் ஓராண்டு மறந்தால் 73,000 ரூபாய். மூடுவதற்கும் மனுக் கட்டணம் 10,000 ரூபாய். இலவசமாகக் கம்பெனி பதிந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வரிகளை விளம்பரத்தில் போடுவதில்லை.

மலையில் இன்னொரு சிக்கல் முகவரி. கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீது போன்ற சான்றும், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். வீட்டு மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா காலமாகி இருப்பார். முதலில் இணைப்பின் பெயரை மாற்றுங்கள். திருப்பத்தூரில் தெரிந்தவர் கடை முகவரியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அரசின் நோட்டீஸ் அந்தக் கடைக்குப் போய்க் கிடக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் கம்பெனி யாருக்கு? வெளியிலிருந்து பங்கு முதலீடு வாங்கப் போகிறவருக்கு. தமிழ்நாடு அரசின் எஸ்.சி., எஸ்.டி. புத்தொழில் நிதி கடனாக இல்லாமல் பங்கு முதலீடாகவே வருகிறது. பங்கு கொடுக்க முடியாத ப்ரொப்ரைட்டர் அதைக் கேட்க முடியாது. தவறு லட்சங்களில் போகும் தொழில் செய்கிறவருக்கும் கம்பெனி வேண்டும். சம்பளத்துக்கு ஆட்களை வைத்து, தன் பெயரைத் தாண்டித் தொழில் வளரத் தொடங்கியவரும் மாறலாம். அந்த நாள் வரும்போது மாறிக்கொள்வது கடினமில்லை. அதற்கு முன்பே போட்டுக்கொள்வதில் லாபமும் இல்லை.

யூடியூப்பில் 'எல்.எல்.சி. போடுங்கள்' என்று சொல்வது அமெரிக்காவுக்கு. இந்தியாவில் அப்படி ஒரு வடிவமே இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக அமெரிக்க எல்.எல்.சி. பதிந்து தருகிறோம் என்று விற்கிறார்கள். அதை வாங்கினால் அது உங்கள் வெளிநாட்டுச் சொத்து. ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கில் பில் போடலாம், தடையே இல்லை.

சட்டம் படிக்கும் மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: வழக்கறிஞர் தொழிலைக் கம்பெனியாக நடத்த வழக்கறிஞர் மன்ற விதிகள் இடம் கொடுப்பதில்லை. தனியாகவோ வழக்கறிஞர்கள் சேர்ந்த கூட்டாண்மையாகவோதான் செய்ய முடியும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தேனையோ சாமையையோ விற்பதானால் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற தனி வகை இருக்கிறது. மலையின் அந்தப் பக்கம் ஜமுனாமரத்தூரில் ஜவ்வாதுமலைப் பழங்குடியினர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அப்படித்தான் நடக்கிறது. தனியாக ஒன்று தொடங்கும் முன் அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பெயரை இன்னொருவர் கேட்கும்போது

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி இதுதான். எஸ்.டி. உரிமையாளருக்கு அரசு வைத்திருக்கும் திட்டங்களின் கதவு, தொழில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தே திறக்கிறது. ஒன்றிய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், அதில் 4 விழுக்காடு எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு. ப்ரொப்ரைட்டர் என்றால் அவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி.யாக இருக்க வேண்டும். கூட்டாண்மையிலும் கம்பெனியிலும் குறைந்தது 51 விழுக்காடு பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் அதிகபட்சம் ஒன்றரைக் கோடி வரை 35 விழுக்காடு மூலதன மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. அதற்கு நிறுவனத்தின் முழு உரிமையும் எஸ்.சி., எஸ்.டி.யினரிடம் இருக்க வேண்டும். வேறு சமூகத்து நண்பரை 10 விழுக்காட்டுப் பங்குக்குச் சேர்த்தாலும் அந்தக் கதவு மூடிவிடும். யாரையாவது பங்குதாரராகச் சேர்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கீழே இருந்து ஒருவர் வருவார். "பணம் நான் போடுகிறேன், பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், மாதம் பத்தாயிரம் வாங்கிக்கொள்" என்பார். மரியாதையாகப் பேசுவார், வீட்டு விசேஷத்துக்கு வருவார். கடன் உங்கள் பெயரில், மானியம் உங்கள் பெயரில், ஜி.எஸ்.டி. பதிவு உங்கள் பெயரில், செக் புத்தகம் அவர் கையில். அவர் வரி கட்டாமல் போனால் நோட்டீஸ் உங்களுக்கு வரும். கூலி வேலை செய்பவருக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். கடன் நின்றுபோனால் உங்கள் சிபில் மதிப்பெண் விழும். பிறகு உங்கள் உண்மையான தொழிலுக்கு எந்த வங்கியும் கடன் தராது. 2016-இல் திருத்திய பினாமிச் சட்டம் பணம் போட்டவரோடு பெயர் கொடுத்தவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. சிறை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை.

ஆதார் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். செக் புத்தகமும் வங்கிச் செயலியும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியும் உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்க வேண்டும். மலையில் எஸ்.டி. சான்றிதழ் வாங்க ஒரு குடும்பம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பத்தாயிரத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் நடக்கிற தொழில் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நான்கையும் ஒன்றாக வைத்துப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் உத்யம் பதிவை முடித்து, சான்றிதழோடு திருப்பத்தூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் உங்கள் தொழிலுக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று நேரில் கேளுங்கள். அதற்கு இடைத்தரகர் யாரும் தேவையில்லை.